ஒன்பதாம் நம்பர் ஜெர்சி யாருக்கு? – கால்பந்து கேள்வி பதில்

2025 நவம்பர்ல டாக்காவுல பங்களாதேஷ்கிட்ட 1-0ன்னு நம்ம டீம் தோத்ததுல இருந்து வர்ற கேள்விங்கள்ல முக்காவாசி ஒரே விஷயத்த பத்திதான். உள்ளூர் லீக்கால இந்திய டீமுக்கு லாபமா நஷ்டமான்னு. அதனால இந்த வாட்டி வேற எதையும் எடுத்துக்கல, முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: சார், ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஆரம்பிச்ச வருஷத்துல இருந்து நேரு ஸ்டேடியம் போய் தொண்ட கிழிய கத்துன ஆளு நான். 2025 கடைசில பாத்தா உலக ரேங்கிங் 142, ஏசியன் கப் 2027க்கு கூட போக முடியல. அப்ப இந்த லீக் நம்ம டீம கெடுத்துடுச்சுன்னுதான சொல்லணும்? (வாசகர், பெரம்பூர்)

பதில்: கோவம் நியாயம்ங்க, ஆனா கணக்க முதல்ல இருந்து பாப்போம். ஐஎஸ்எல் முதல் சீசன் 2014 அக்டோபர்ல தொடங்குச்சு, அது முடிஞ்ச கையோட 2015 மார்ச்ல இந்தியா ரேங்கிங்ல 173வது இடத்துக்கு போச்சு, அதுதான் நம்ம வரலாத்துலயே அடிமட்டம், அத லீக் மேல போட முடியாது, அதுக்கு முன்னாடி பத்து வருஷம் பண்ணதோட பலன் அது. அங்க இருந்து 2017 ஜூலைல 96க்கு வந்தோம். 2019 ஜனவரில அபுதாபில தாய்லாந்த 4-1ன்னு அடிச்சோமே ஞாபகம் இருக்கா, ஏசியன் கப்ல 1964க்கு அப்புறம் நாம ஜெயிச்ச முதல் மேட்ச் அது, அன்னிக்கு நம்ம ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரி ரெண்டு கோல் போட்டாரு, மிச்ச ரெண்டையும் போட்டது அனிருத் தாபாவும் ஜேஜேவும், ரெண்டு பேருமே அப்ப நம்ம சென்னையின் எஃப்சி பசங்க, நீங்க நேரு ஸ்டேடியத்துல யாருக்காக கத்துனீங்களோ அவங்கதான். சந்தேஷ் ஜிங்கன் 2014ல கேரளா பிளாஸ்டர்ஸ்ல வெளியூர் ஸ்ட்ரைக்கருங்கள தடுத்து தடுத்துதான் பெரிய டிஃபெண்டர் ஆனாரு. அந்த வரைக்கும் லீக் குடுத்தது நிஜமான பலன், அத மறுக்கவே கூடாது.

கெடுதல் எங்க ஆரம்பிக்குதுன்னா முன் வரிசைல. ஐஎஸ்எல் கோல்டன் பூட் (சீசன்ல அதிக கோல் போட்டவருக்கு குடுக்குற விருது) லிஸ்ட்ட ஒரு தடவ வரிசையா சொல்லி பாருங்க. எலானோ, மென்டோசா, மார்செலினோ, கோரோ ரெண்டு தடவ, வல்ஸ்கிஸ், அங்குலோ, ஓக்பெச்சே, டியாகோ மௌரிசியோ, டியாமன்டகோஸ், கடைசியா 2024-25ல 23 கோல் போட்ட மொராக்கோக்காரர் அலாதீன் அஜாராய். பதினோரு சீசன், ஒரு இந்தியன் பேரு கூட கிடையாது. இது நம்ம பசங்களுக்கு கோல் அடிக்க தெரியாததால இல்ல. கிளப் கோச்சுக்கு வேலை நிக்கணும்னா இந்த வாரம் ஜெயிச்சாகணும், இத்தன வெளிநாட்டுக்காரங்கள இறக்கலாம்னு அவருக்கு ஒரு கோட்டா இருக்கு, அந்த கோட்டாவ எங்க செலவு பண்ணுவாரு? ஸ்ட்ரைக்கர், நடுவுல ஆட்டத்த ஓட்டுறவன், பின்னாடி ஒரு சென்டர் பேக், இந்த மூணுலதான். நம்ம பையனுக்கு மிஞ்சுறது ஓரத்து இடங்கதான், முன்னாடி விங்கும் பின்னாடி ஃபுல் பேக்கும். 2017-18ல பெங்களூருல சேத்ரி கதையே இதான், வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் மிக்கு நடுவுல ஆடுனதால அவரு இடது பக்கம் போய் ஆடுனாரு, அப்பவும் 14 கோல் போட்டாரு, அது சேத்ரி. இருபது வயசு பையன் அந்த மாதிரி விங்குக்கு போனா போனவன் போனவன்தான், திரும்ப ஒன்பதாம் நம்பரா, அதாவது நடுவுல நின்னு கோல் அடிக்குற ஸ்ட்ரைக்கரா, வர்றதில்ல.

அதோட வினைதான் கண்ணு முன்னாடி இருக்கு. 2024 ஜனவரில கத்தார்ல நடந்த ஏசியன் கப்ல ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா, மூணு மேட்ச்சும் தோல்வி, ஒரு கோல் கூட போடல. அதே வருஷம் ஜூன்ல ரிட்டயர் ஆன சேத்ரிய 2025 மார்ச்ல, 40 வயசுல, திரும்ப கூப்பிட்டாங்க. ஆசையில வந்தாரு, தப்பே இல்ல, அந்த சீசன்ல ஐஎஸ்எல்ல அதிக கோல் போட்ட இந்தியனும் அவருதான். நூத்தி நாப்பது கோடி பேர் இருக்குற நாட்டுல அவருக்கு அடுத்து ஒருத்தன் வரிசைல நிக்கலையேன்னு நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

அதனால லீக் கெடுத்துச்சான்னு மொத்தமா கேக்காதீங்க. எந்த பொசிஷன்ல நம்ம பையனுக்கு எத்தன நிமிஷம் குடுத்துச்சுன்னு கேளுங்க. குடுத்த இடத்துல வளந்துருக்கோம், குடுக்காத இடத்துல காலியா கிடக்கு.

கேள்வி: அப்படின்னா வெளிநாட்டு பிளேயர்ஸே வேணாம்னு சட்டம் போட்டுட்டா தீந்துச்சே? எங்க ஊரு பக்கத்து பையன் சிவசக்திக்கெல்லாம் ஃபுல் மேட்ச் ஆட சான்ஸ் கிடைக்குமே? (வாசகர், காரைக்குடி)

பதில்: கண்டனூர் சிவசக்தி பேர எடுத்தீங்களே, அவரே இதுக்கு நல்ல பதில். 2022-23ல பெங்களூருல வெளிநாட்டு ஃபார்வர்ட் ராய் கிருஷ்ணா பக்கத்துல ஆடுனப்பதான் அவரு வெளிய தெரிஞ்சாரு, அந்த சீசன் வளரும் வீரர் விருதும் வாங்குனாரு. நல்ல வெளிநாட்டு ஃபார்வர்ட் பக்கத்துல ஆடுனா எப்ப ஓடணும், எப்ப நிக்கணும்னு தானா வரும். அவன் ஆடுறத பெஞ்சுல உக்காந்து பாத்தா வராது.

எண்ணிக்கைய குறைக்குறது ஏற்கனவே நடந்துட்டுதான் இருக்கு. 2014ல களத்துல ஆறு வெளிநாட்டுக்காரங்க, அஞ்சு இந்தியன் இருந்தா போதும்னு இருந்துச்சு, 2017ல அஞ்சு ஆச்சு, 2021ல நாலு ஆச்சு. சரியான திசைதான், ஆனா ஆறுல இருந்து நாலுக்கு வந்ததுல காப்பாத்துனது ஃபுல் பேக்கயும் ஹோல்டிங் மிட்ஃபீல்டரயும்தான், ஸ்ட்ரைக்கர் இடம் இன்னும் வெளிநாட்டுக்காரனுக்குதான்.

சட்டம் போட்டா போதும்னு நினைச்ச நாடு சீனா. அங்க பணம் கொட்டுச்சு, பிரேசில்காரர் ஆஸ்கார சுமார் 6 கோடி யூரோ குடுத்து ஷாங்காய்க்கு கொண்டாந்தாங்க, குவாங்சோ டீம் 2013லயும் 2015லயும் ஆசிய சாம்பியன் ஆச்சு. நேஷனல் டீம் மட்டும் 2002 உலகக்கோப்பையோட நின்னுடுச்சு. அப்புறம் 2017ல ஒரு விதி கொண்டாந்தாங்க, ஒவ்வொரு கிளப்பும் 23 வயசுக்கு கீழ ஒரு பையன முதல் பதினொன்னுல இறக்கியே ஆகணும்னு. கோச்சுங்க இறக்குனாங்க, கொஞ்ச நேரத்துலயே வெளிய எடுத்துட்டு வேணுங்குற ஆள உள்ள விட்டாங்க! அந்த பையனோட மனசு என்ன பாடு பட்டுருக்கும். கடைசில ஜியாங்சு கிளப் 2020ல சாம்பியன் ஆயிட்டு சில மாசத்துலயே இழுத்து மூடுச்சு, குவாங்சோவும் 2025ல கலைஞ்சு போச்சு.

சவுதில வேற மாதிரி. கோட்டாவ பத்து பேர் வரைக்கும் ஏத்துனாங்க, கிளப் வளந்துச்சு, அல் ஹிலால் 2025 கிளப் உலகக்கோப்பைல மான்செஸ்டர் சிட்டிய 4-3ன்னு அடிச்சுச்சு, ஆனா நேஷனல் கோச்சா இருந்த மான்சினி என் பசங்க கிளப்ல பெஞ்சுலயே உக்காந்துருக்காங்கன்னு வெளிப்படையாவே வருத்தப்பட்டாரு. கிளப்போட வெற்றியும் நாட்டோட வெற்றியும் தனித்தனியா ஓடக்கூடிய வண்டிங்க, இத எப்பவும் மனசுல வைங்க.

கேள்வி: பிரீமியர் லீக் பூரா வெளிநாட்டுக்காரங்கதான். ஆனா இங்கிலாந்து ரெண்டு யூரோ ஃபைனல் ஆடிருச்சே, எப்படி? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: தம்பி, 1992ல பிரீமியர் லீக் ஆரம்பிச்ச முதல் வாரத்துல முதல் பதினொன்னுல இறங்குன வெளிநாட்டுக்காரங்க (பிரிட்டன், அயர்லாந்து தவிர்த்து) மொத்தமே 13 பேர். அப்புறம் வெள்ளம் மாதிரி வந்தாங்க. 2007 நவம்பர்ல வெம்ப்ளில குரோஷியாகிட்ட 3-2ன்னு தோத்து யூரோ 2008க்கே போக முடியாம போனப்ப அங்கயும் இப்ப நாம பேசுறத அப்படியே பேசுனாங்க.

அவங்க வெளிநாட்டுக்காரன வெரட்டல. 2012ல எல்லா கிளப் அகாடமியையும் நாலு தரமா பிரிச்சு, எத்தன கோச், எத்தன மணி நேரம் பயிற்சி, என்ன கிரவுண்டுன்னு விதி வச்சு, செக் பண்ணாங்க. அதே வருஷம் செயின்ட் ஜார்ஜஸ் பார்க்ல நேஷனல் சென்டர தொறந்தாங்க. பலன எங்க பாத்தோம்? நம்ம கொல்கத்தாலதான்! 2017 அக்டோபர் 28, சால்ட் லேக்ல 17 வயசுக்கு கீழ உலகக்கோப்பை ஃபைனல், ஸ்பெயின்கிட்ட ரெண்டு கோல் பின்னாடி இருந்துட்டு இங்கிலாந்து 5-2ன்னு ஜெயிச்சுச்சு, பின்னாடி மான்செஸ்டர் சிட்டில பெரிய ஆளான ஃபோடன் அந்த டீம்லதான் ஆடுனான்.

அதே போட்டில நம்ம பசங்களும் ஆடுனாங்க. கொலம்பியாவுக்கு எதிரா ஜீக்சன் சிங் போட்ட ஹெட்டர்தான் ஃபிஃபா உலகக்கோப்பை போட்டிகள்ல இந்தியாவோட முதல் கோல். அந்த பேட்ச்சுக்கு அடுத்து என்னன்னு ஒரு பாதை இருந்திருக்கணும். இருந்தது இந்தியன் ஏரோஸ்னு ஒரு டீம், ஐ-லீக்குன்னு இருந்த இன்னொரு தேசிய லீக்ல கொஞ்ச வருஷம் ஆட விட்டு அப்புறம் அதையும் நிறுத்திட்டாங்க. அந்த டீம நிறுத்துனது ரொம்ப பெரிய தப்புன்னு நான் அழுத்தமா நினைக்குறேன், ஏன்னா அங்க வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் கிடையாது, ஒன்பதாம் நம்பர் ஒரு இந்திய பையனுக்குதான், தோத்தாலும் அவன்தான் ஆடுவான்.

கேள்வி: ஜப்பானும் ஒரு காலத்துல நம்ம மாதிரிதான இருந்துச்சு? (வாசகர், ஈரோடு)

பதில்: நம்ம மாதிரின்னு சொல்ல முடியாது, 1968 ஒலிம்பிக்ல வெண்கலம் வாங்குன நாடு அது. ஆனா உலகக்கோப்பைய எட்டி பாத்ததே இல்ல. 1993 மே மாசம் ஜே-லீக் பத்து கிளப்போட ஆரம்பிச்சுச்சு, ஜீக்கோ, லினேக்கர், லிட்பார்ஸ்கின்னு நம்ம ஐஎஸ்எல் மாதிரியே பெரிய பேருங்க. அதே அக்டோபர்ல தோஹாவுல ஈராக் கடைசி நிமிஷத்துல கோல் போட்டு 2-2 ஆக்குனதுல உலகக்கோப்பை வாய்ப்பு போச்சு, நாடே அழுதுச்சு. அடுத்து 1998ல போனவங்க இன்னி வரைக்கும் ஒரு உலகக்கோப்பையும் விடல, 2026க்கும் போட்டி நடத்துற நாடுங்கள விட்டா முதல்ல தகுதி வாங்குனது அவங்கதான்.

வித்தியாசம் எங்கன்னா, ஜே-லீக்ல சேரணும்னா சின்ன பசங்க டீம் நடத்தியே ஆகணும், ஊரோட ஒட்டியே இருக்கணும்னு முதல் நாள்ல இருந்து நிபந்தனை. பத்து கிளப்பா இருந்தது இப்ப அறுபது, மூணு டிவிஷன், மேல ஏறலாம் கீழ இறங்கலாம். ஜப்பான் டீம் விங்கர் மிதோமா, கவாசாகி கிளப்போட அகாடமில வளந்த பையன், 18 வயசுல சீனியர் டீம்ல கூப்பிட்டப்ப இன்னும் தயாராகலன்னு காலேஜுக்கு போனான், காலேஜ் கால்பந்தும் அங்க அவ்வளவு தரமா இருந்ததால நாலு வருஷம் வீணா போகல. நம்ம ஊர்ல 18 வயசுல ஐஎஸ்எல் டீம் கிடைக்காத பையன் எங்க போவான்? யோசிச்சு பாருங்க. நம்ம லீக்ல 2023ல பஞ்சாப், 2024ல முகமதன்னு கீழ இருந்து மேல வர்ற வழிய இப்பதான் தொறந்தாங்க, 2024-25 வரைக்கும் கீழ இறங்குற வழி இல்ல. இறங்குற பயம் இல்லாத லீக்ல கடைசி இடத்துல இருந்த டீமாவது சின்ன பசங்கள தைரியமா ஆட விட்டுருக்கலாமே, அதுவும் பண்ணல!

கேள்வி: லீக்னு ஒண்ணே இல்லாத காலத்துல நாம ஏசியன் கேம்ஸ் தங்கம் வாங்குனோம். அப்ப லீக்கே தேவை இல்லதான? எனக்கு வயசு எழுபத்தி மூணு, ரேடியோல கேட்டு வளந்தவன். (வாசகர், திருச்சி)

பதில்: ஐயா, 1951, 1962 ரெண்டு தங்கமும், 1956 மெல்போர்ன்ல நாலாவது இடமும் நம்ம பொக்கிஷம். 1960 ரோம்ல பெருவுக்கு எதிரா கோல் போட்டது தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தரராஜ், ஒலிம்பிக் கால்பந்துல இந்தியா போட்ட கடைசி கோல் இன்னி வரைக்கும் அதுதான்.

தேசிய லீக் 1996லதான் வந்துச்சு, அது சரிதான். ஆனா அப்ப மேட்ச் குறைச்சல் இல்லீங்க ஐயா. கொல்கத்தா லீக், டூரண்ட், ரோவர்ஸ், சந்தோஷ் டிராஃபின்னு வருஷம் பூரா ஆடுனாங்க, எல்லா டீம்லயும் பெரும்பாலும் நம்ம ஆளுங்கதான், கோல் அடிக்குறவனும் நம்ம ஆளு. ரஹீம் சாஹிப் ஐதராபாத் சிட்டி போலீஸ் டீமுக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரத்துல கோச்சா இருந்தாரு, அதனால கிளப்லயும் நாட்டுக்கும் ஒரே ஆட்டம். மத்த ஆசிய நாடுங்களும் அப்ப வேலை பாத்துக்கிட்டே ஆடுனவங்கதான். அவங்கல்லாம் மாறிட்டாங்க, நாம முப்பது வருஷம் சும்மா இருந்துட்டோம். அந்த காலத்துக்கு திரும்ப வழி இல்ல, ஆனா வருஷம் பூரா மேட்ச்ங்குற விஷயத்த அங்க இருந்து எடுத்துக்கலாம்.

கேள்வி: ஒரே ஆள் கிளப்புக்கும் நாட்டுக்கும் கோச்சா இருக்குறது சரியா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இன்னிக்கு சரி இல்ல. மனோலோ மார்க்கேஸ் 2024-25ல எஃப்சி கோவாவையும் இந்தியாவையும் சேத்து பாத்தாரு. நல்ல கோச், கிளப்ல சாதிச்சவர். இந்தியாவோட எட்டு மேட்ச்ல ஒண்ணுதான் ஜெயிச்சாரு. ரஹீம் காலத்துல நடந்தது இப்ப நடக்காது.

கேள்வி: என் பையனுக்கு 12 வயசு, நல்லா ஆடுறான்னு பி.டி. சார் சொல்றாரு. மாசம் நிறைய ஃபீஸ் கேக்குற அகாடமில சேக்கணுமா? லீக் இருக்குறதால இவனுக்கு எதாவது வழி உண்டா? (தாய், தூத்துக்குடி)

பதில்: அம்மா, அகாடமி வாசல்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க. வருஷத்துக்கு இவன் வயசு பசங்களோட எத்தன போட்டி மேட்ச் ஆட வைப்பீங்க? பதில் முப்பதுக்கு கீழ இருந்தா அந்த காசுக்கு பையனுக்கு முட்டையும் நல்ல ஷூவும் வாங்கி குடுத்து ஊர்ல நடக்குற டோர்னமென்ட்டுக்கெல்லாம் அனுப்புங்க. கன்னியாகுமரி கடலோர கிராமங்கள்ல பாருங்க, அங்க இருந்து மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் வரைக்கும் வந்தது ஊர் மண்ணுல ஆடி ஆடித்தான்.

மிசோரம்னு ஒரு மாநிலம், மொத்த ஜனத்தொகை உங்க தூத்துக்குடி மாவட்ட அளவு கூட இல்ல. 2012ல அவங்களே சொந்தமா ஒரு மாநில லீக் ஆரம்பிச்சு உள்ளூர் டிவில காட்டுனாங்க. 2014ல மாநிலங்களுக்குள்ள நடக்குற சந்தோஷ் டிராஃபி ஜெயிச்சாங்க, 2016-17ல அவங்க ஊரு ஐசால் எஃப்சி ஐ-லீக் ஜெயிச்சு இந்தியாவுக்கே சாம்பியன் ஆச்சு, அந்த டீமோட கோச் காலித் ஜமில்தான் 2025ல இந்திய டீம் கோச்சா வந்தாரு. ஜேஜே, சாங்டே, அபுயான்னு அந்த சின்ன ஊர் குடுத்த ஆளுங்க எத்தன பேரு. நேஷனல் டீமுக்கு உண்மையிலயே உதவுற லீக் எதுன்னு என்ன கேட்டா நான் அந்த லீக்கத்தான் சொல்வேன். தூத்துக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் அப்படி வயசு வாரியா ஒரு லீக், ஏழு எட்டு மாசம் ஓடுற மாதிரி வேணும், அத கேக்குற உரிமை உங்கள மாதிரி அம்மா அப்பாவுக்குத்தான் முதல்ல.

கேள்வி: பொண்ணுங்க லீக் பத்தி யாருமே பேசுறதில்லையே? (வாசகி, மதுரை)

பதில்: நீங்க மதுரைல இருந்து கேக்குறது பொருத்தம், 2018-19ல இந்தியன் விமன்ஸ் லீக் ஜெயிச்சது உங்க ஊரு சேது எஃப்சி. ஆம்பளைங்க டீம் தடுமாறுன அதே 2025ல, ஜூலை மாசம் தாய்லாந்த அவங்க மண்ணுலயே 2-1ன்னு அடிச்சு ஏசியன் கப்புக்கு முதல் தடவையா தகுதி சுற்று ஜெயிச்சு போனாங்க நம்ம பொண்ணுங்க, ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். ரொம்ப வருஷம் சில வாரத்துலயே முடிஞ்சிட்டு இருந்த லீக் 2023-24ல இருந்து சொந்த ஊர், எதிர் ஊர்னு ரெண்டு சுத்தா மாறுச்சு. மேட்ச் கூடுனதும் பலன் வந்துச்சு. சம்பளமும் ஸ்டேடியமும் இன்னும் ரொம்ப கம்மி, அது மாறியே ஆகணும்.

கேள்வி: கடைசியா ஒண்ணு, லீக்க கொஞ்ச நாள் நிறுத்திட்டு நேஷனல் டீமுக்கு நீண்ட கேம்ப் போட்டா என்ன? (வாசகர், புதுச்சேரி)

பதில்: நாம கேக்காமயே அது நடந்துடுச்சே. ஃபெடரேஷனுக்கும் லீக் நடத்துற கம்பெனிக்கும் இருந்த 15 வருஷ ஒப்பந்தம் முடியுற நேரத்துல புது ஒப்பந்தம் ஆகாம 2025 ஜூலைல சீசன நிறுத்தி வச்சாங்க, சில கிளப்ல சம்பளம் நின்னுச்சு, டெண்டர் விட்டாங்க ஒருத்தரும் வரல. அந்த நிலைமைல இருந்த பசங்கதான் அக்டோபர்ல கோவாவுல சிங்கப்பூரோட ஆடுனாங்க. 14வது நிமிஷத்துல சாங்டே கோல் போட்டு முன்னாடி போயிட்டு, அப்புறம் ரெண்டு கோல் வாங்கி தோத்து, அன்னிக்கே ஏசியன் கப் கனவு முடிஞ்சுது. அடுத்த மாசம் டாக்கா. லீக் இல்லன்னா நேஷனல் டீம் எப்படி இருக்கும்னு கேக்குறவங்க அந்த ரெண்டு மேட்ச்சையும் போட்டு பாருங்க, கேம்ப்ல எவ்வளவு ஓடுனாலும் காசு குடுத்து வந்த கூட்டத்து முன்னாடி, பாயிண்டுக்காக ஆடுற 90 நிமிஷத்துக்கு அது ஈடாகாது.

2026 ஜனவரில விளையாட்டு அமைச்சர் வந்து பிப்ரவரி 14ல 14 கிளப்போட 91 மேட்ச் நடக்கும்னு அறிவிச்சாரு, அதாவது ஒரு கிளப்புக்கு 13 மேட்ச். 2024-25ல 24 இருந்துச்சு, ஜப்பான்ல 38. பதிமூணு மேட்ச் சீசன்ல எந்த கோச் பத்தொன்பது வயசு ஸ்ட்ரைக்கர நம்பி இறக்குவாரு? ஒரு மேட்ச் தோத்தாலே பாதி சீசன் போன மாதிரி ஆயிடும். அதனால இப்ப கேக்க வேண்டியது லீக்க நிறுத்துறத இல்ல, நீட்டுறத. 24 மேட்ச் திரும்ப வரட்டும், அதுக்கு மேல ஒரு கப் போட்டிய சேத்து அதுல மட்டுமாவது வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் கிடையாதுன்னு வைக்கட்டும், இந்தியன் ஏரோஸ் மாதிரி ஒரு டீம திரும்ப ஆட விடட்டும். பிளாஸ்டர்ஸ், மோகன் பகான் ரசிகருங்க என் கூட சண்டைக்கு வந்தாலும் பரவால்ல, இத நான் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன். அடுத்த இதழ்ல கோல்கீப்பர் பயிற்சி பத்தி வந்த கேள்விகள எடுத்துக்குறேன், குர்பிரீத்துக்கு அப்புறம் யாருன்னு நிறைய பேர் கேட்டுருக்கீங்க.